நாற்பத்தொன்பது வயதில் முளைத்த செதில்கள்

வணக்கம். வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டிக்கொண்டு உங்கள் முன் அமர்ந்திருப்பதற்கு மன்னிக்க வேண்டும். இன்று நான் பேசப்போகும் விஷயம் என் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகள் கைப்பேசியில் எடுத்தது. முன்னங்கால் முழுவதும் சாம்பல் நிறத்தில் சிறுசிறு கட்டங்களாகத் தோல் பிரிந்து, ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் மெல்லத் தூக்கிக்கொண்டு, கோடையில் கண்மாயின் வண்டல் வெடித்துக் கிடப்பதுபோல இருக்கிறது அல்லவா? இதற்கு இக்தியோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மீன் செதிலைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்த நோயின் பரம்பரை வகை அவ்வளவு அரிதானதன்று. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். தோலின் ஈரத்தைக் காக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறையே அதற்குக் காரணம் என்பது 2006ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஆனால் அந்த வகை குழந்தைப் பருவத்திலேயே தலைகாட்டிவிடும். எனக்கு இது தொடங்கியபோது வயது நாற்பத்தொன்பது. என் அம்மாவைக் கேட்டால், ‘உனக்குச் சின்ன வயதில் தோல் எண்ணெய் தடவியதுபோல மினுமினுக்கும்’ என்கிறார். பிறப்பில் இல்லாமல், பெரியவரான பிறகு புதிதாக வந்து சேரும் இந்த வகைதான் அரிது. கவனிக்க வேண்டியதும் இதுவே.

எனக்கு இது ஒரு மார்கழியில் தொடங்கியதால் பனி வறட்சி என்றே நினைத்தேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். மாசி போனது, பங்குனி வெயிலும் வந்தது, வறட்சி மட்டும் போகவில்லை. இரவில் கறுப்புக் கால்சட்டையைக் கழற்றி உதறினால் தவிடுபோலத் தரையில் கொட்டும். நான் முதலில் போன மருத்துவமனையில், காலைக் குனிந்துகூடப் பார்க்காமல், படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பை எழுதிக் கொடுத்தார்கள். படர்தாமரை வட்டமாக, சிவந்த விளிம்போடு பரவும். இப்படி இரண்டு கால்களிலும் ஒரே சீராக வராது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று தெரியாததால் நான்கு மாதங்கள் அதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கேமராவைச் சற்று அருகில் கொண்டுவருகிறேன். முழங்காலின் பின்புறம் மடிகிற இந்த இடத்தைப் பாருங்கள். நோய் உச்சத்தில் இருந்தபோதும் இந்த இடத்தில் ஒரு செதிலும் இல்லை. முழங்கையின் உட்பக்கமும் அக்குளும் அப்படியே தப்பித்திருந்தன. மடிப்புகளை விட்டுவிட்டு, நீட்டும் பக்கங்களில், குறிப்பாக முன்னங்கால்களில் படர்வது இந்த நோயின் வழக்கம். பின்னர் நான் பார்த்த தோல் மருத்துவர் அம்மையார், காலைப் பார்த்த உடனே அதை விட்டுவிட்டு என் கழுத்தைத் தடவத் தொடங்கினார். ‘இங்கே நெறி கட்டியிருக்கிறதே, எத்தனை நாளாக இருக்கிறது?’ என்று கேட்டார். சொத்தைப் பல்லால் வந்தது என்றேன். வலிக்கிறதா என்றார். வலி இல்லை, அழுத்தினால் ரப்பர்போல நழுவியது. எடை 71 கிலோவிலிருந்து 64க்கு இறங்கியதற்குக் காலை நடையையும், இரவில் பனியன் நனையும்படி வியர்த்ததற்கு மின்வெட்டையும் நான் காரணமாக வைத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

காலிலிருந்து ஒரு துளித் தோலையும், கழுத்திலிருந்து ஒரு நெறிக்கட்டியையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். தோலில் மேலே உள்ள கொம்புப் படலம் தடித்து, அதன் கீழிருக்கும் குருணைப் படலம் தேய்ந்திருந்தது. பரம்பரை வகையிலும் இதே தோற்றம்தான் இருக்குமாம், அதனால் தோலை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. விடை கழுத்தில்தான் இருந்தது. இரட்டை உட்கருவோடு, ஆந்தையின் கண்களைப்போல விழித்துப் பார்க்கும் பெரிய செல்கள் அதில் தெரிந்தன. ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். 1832இல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் முதலில் விவரித்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் செதில் நோயோடு சேர்ந்து காணப்படும் புற்றுநோய்களில் அதிகம் பேசப்படுவது இதுதான்.

இதைக் கேட்டுவிட்டு உடனே உங்கள் கால்களைப் பார்த்துப் பதற வேண்டாம். வயதானவர்களின் கால் வறள்வது மிகச் சாதாரணம். அதில் பெரும்பாலானவை வெறும் வறட்சிதான். புதிதாகச் செதில் வந்தாலும் காரணம் புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தைராய்டு சுரப்பு குறைதல், நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு, எச்ஐவி, உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் சார்காய்டோசிஸ், சத்துக் குறைவு, தொழுநோய் என்று பலவும் இதற்குப் பின்னால் இருக்கலாம். தொழுநோய்க்குக் கொடுக்கப்படும் கூட்டு மருந்தில் உள்ள க்ளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்குவதோடு இப்படிச் செதிலையும் உண்டாக்கும். ஆகையால் நோயா, மருந்தா என்று மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. கொழுப்பைக் குறைப்பதற்காக ஒரு காலத்தில் விற்கப்பட்ட ட்ரைபரனால் என்ற மருந்தும், கண்புரை, முடி உதிர்தல் ஆகியவற்றோடு இந்தச் செதிலையும் தந்தது. 1962இல் அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என் புற்றுநோய்க்குப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை என்று பன்னிரண்டு முறை மருந்து ஏற்றினார்கள். ஐந்தாவது முறை முடிந்து வீட்டுக்கு வந்த இரவு, வழக்கம்போலக் கால்சட்டையை உதறினேன்; எதுவும் கொட்டவில்லை. என் மனைவி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றோம்.

உள்நோய் தணியும்வரை தோலையும் கவனிக்கத்தான் வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன். குளித்துவிட்டுத் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் 10 சதவீத யூரியா கலந்த களிம்பைப் பூசுவேன். வெடிப்பு உள்ள இடத்தில் அது எரியும், அங்கே வெறும் வாசலின் போதும். பீர்க்கங்கூட்டால் தேய்த்துச் செதிலை உரித்துவிடலாம் என்று நானும் முயன்றேன், ரத்தம்தான் வந்தது. சாலிசிலிக் அமிலக் களிம்பை உடல் முழுவதும் பூசினால் அது உள்ளே உறிஞ்சப்பட்டு நஞ்சாகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

செதில் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அது திரும்பி வந்தால் உள்நோயும் திரும்புகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று சொல்லியிருப்பதால், மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஜன்னலோரம் அமர்ந்து இரண்டு கால்களையும் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாதம் வலது காலில், இதோ இந்த இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்திருந்தது. இரண்டு நாள் களிம்பில் போய்விட்டது. இருந்தாலும் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். போய்வந்ததும் சொல்கிறேன்.