அளந்து போடு

(பதின்வயதினரின் திரை நேரம் பற்றி ஒரு பள்ளிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் நூலக அலுவலர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொன்ன தமிழாசிரியர் அவர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியை அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். இந்தத் தலைப்பைச் சொன்னதுமே, “மாணவர்களையும் உட்கார வைப்போம் ஐயா, அவர்கள் இல்லாத இடத்தில் அவர்களைப் பற்றிப் பேசக் கூடாது” என்றவர் அவர். முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இப்படி ஒரு தலைமையாசிரியை வாய்த்தது உங்கள் பிள்ளைகளின் பேறு. நூலக அலுவலர் அவர்களுக்கும் நன்றி. அவரை மேடையில் பார்த்ததில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, நேரக் கணக்கு. இரண்டு, உறக்கம். மூன்று, சட்டம்.

நேரக் கணக்கு என்றதும் என் தாயார் ஓயாமல் சொன்ன பழமொழிதான் முன்னால் வந்து நிற்கிறது. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.” போனால் திரும்பாது என்று தெரிந்தே போடுகிறாயா, போடு, எத்தனை படி போட்டாய் என்ற கணக்காவது கையில் இருக்கட்டும்.

என் அண்ணன் பேத்திக்குப் பதினைந்து வயது. விடுமுறைக்கு வந்திருந்தவளிடம், “எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறாயே அம்மா” என்றேன். அவள் கோபப்படவில்லை. “எந்நேரமும் என்றால் எவ்வளவு நேரம் தாத்தா?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது பெரிய அடி. “நீயே சொல்” என்றேன். “இரண்டு மணி நேரம் இருக்கும்” என்றாள். போனிலேயே திரை நேரம் காட்டும் வசதி 2018 முதல் இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்தோம். நாளொன்றுக்கு 5 மணி 40 நிமிடம் என்று இருந்தது. அவள் முகம் வாடிவிட்டது. “இதில் என் கணக்குப் பாடமும் இருக்கிறது தாத்தா, அப்பாவோடு பேசுவதும் இருக்கிறது” என்றாள். நியாயம்தானே? அப்பாவின் முகத்தைப் பார்த்த அரை மணியையும், எதையென்றே நினைவில்லாமல் பார்த்த அரை மணியையும் ஒரே படியால் அளக்கலாமா? அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமே முன்பு இரண்டு மணி நேரம் என்று கோடு போட்டது. 2016இல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஒற்றை எண்ணைக் கைவிட்டு, குடும்பம் உட்கார்ந்து பேசித் திட்டம் வகுத்துக்கொள்ளச் சொன்னது.

அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நான்கு பத்தி கோடு போட்டேன். எடுத்த நேரம், எதற்காக எடுத்தேன், எதில் போய் முடிந்தது, வைத்த பிறகு மனம் எப்படி இருந்தது. “நீங்களும் எழுதினால் நானும் எழுதுவேன்” என்றாள். எழுதினேன். என் கணக்கு 3 மணி 10 நிமிடம் வந்தது. ஊர் திரும்பிப் பள்ளி திறந்த முதல் வாரம் முழுவதும் அவள் எழுதி அனுப்பியதில் சில வரிகளை, அவள் அனுமதியோடு படிக்கிறேன்.

“செவ்வாய், 5.20. ஒளிச்சேர்க்கைப் படம் தேட எடுத்தேன். 6.35க்கு, முன்பின் தெரியாத ஓர் அக்கா தன் அலமாரியை அடுக்குவதில் முடிந்தது. படம் வரையவில்லை. எரிச்சல்.” “வியாழன், 6.05. தோழிக்கு ஒரு வரி பதில். 40 நிமிடம். தலைவலி.” “சனி, 10.00. பாட்டு கேட்டுக்கொண்டே கோலப்பொடி நிறங்களில் ஒரு மயில் வரையக் கற்றேன். ஒரு மணி நேரம். நன்றாக இருந்தது.”

பெற்றோர்களே, நான்காவது பத்தியைப் பாருங்கள். எரிச்சல், தலைவலி, நன்றாக இருந்தது. நாம் திட்டிச் சொல்லியிருந்தால் இந்த மூன்று சொற்கள் கிடைத்திருக்குமா? ஆற்றிலே போட்டதை அளந்தவள் அவளே.

ஒளிச்சேர்க்கை அலமாரியில் முடிந்தது அவள் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தின் அடிக்கு வந்ததும் அடுத்தது தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் முடிவில்லா உருட்டலை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். புத்தகத்தில் அத்தியாயம் முடிகிறது. அங்கே கண் நிமிர்கிறது. திரையில் அந்த நிமிரும் இடத்தை எடுத்துவிட்டார்கள். நூலகவியல் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. எண்ணிப் பாருங்கள், ஒருவர் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்த விதி எழுதினார். இன்னொரு பக்கம் அதே நேரத்தைக் கரைப்பதற்குப் பொறியாளர்கள் கூடி உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள்.

உறக்கத்துக்கு வருகிறேன். 13 முதல் 18 வயது வரையில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர் உறக்கமே என்று சொன்னார். ஆகவே இரவில் போன் கூடத்தில் கிடக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. எழுப்புவதற்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும்.

சட்டம் என்று சொன்னேன். ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு கதவை அடைத்தால் பிள்ளை எந்தக் கதவு வழியாகப் போவாள் என்பதுதான் என் கேள்வி. அதற்கு விடை அந்த நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பள்ளி நாள்கள் ஐந்திலும், அலுப்பும் எரிச்சலும் எழுதிய வரிகளில் பெரும்பாலானவை மாலை 5 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில் வருகின்றன. போனில் கேட்டேன், “அந்த நேரத்தில் மட்டும் ஏன் அம்மா இப்படி?” அவள் சொன்னாள், “வீட்டில் யாரும் இல்லை தாத்தா. பள்ளி நாலரைக்கு விடுகிறது. நூலகம் ஐந்துக்குப் பூட்டுகிறார்கள். நான் எங்கே போவது?”

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் ஊரில் மட்டுமா, நம் ஊரிலும் இதே கதைதானே? “புத்தகம் படி, புத்தகம் படி” என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்லிவிட்டு, பிள்ளை கால் ஓய்ந்து வரும் நேரத்தில் புத்தகத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது ரங்கநாதனின் முதல் விதி. பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன பயன்பாடு? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். நாம் ஊரிலுள்ள பிள்ளைகளின் மூன்று மணி நேரத்தை அளக்காமலே தினம் தினம் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

நூலக அலுவலர் அவர்களே, உங்களைப் பார்த்து ஏன் மகிழ்ந்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும். பள்ளி நாள்களில் நூலகத்தை இரவு 8 மணி வரை திறந்து வையுங்கள். ஆள் இல்லை என்பீர்கள். உண்மைதான், இருக்கும் ஊழியர் இருவரையும் வாட்டச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பதினொரு பேர் முறை வைத்து வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள், அவர்கள் பெயர்ப் பட்டியல் இந்த உறையில் இருக்கிறது. படிக்கும் கூடத்தில் எரியாத விளக்குகளை மாற்ற வேண்டும். வாசல் தெருவிலும் விளக்கு வேண்டும், பெண் பிள்ளைகள் எட்டு மணிக்கு அச்சமின்றி வீடு திரும்ப. இவ்வளவுதான் கேட்கிறோம்.

மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். மாணவர்களும் போடலாம், அவர்களுக்கென்று தனிப் பக்கம் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.