மீஞ்சூர்க் கீரையும் மெட்ராஸ் சட்டையும்

(தண்டையார்பேட்டையில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. மைக் கரகரத்த இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.)

கூட்டத்தின் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த பேராசிரியர் அவர்களே, வேறு மூன்று நிகழ்ச்சிகளுக்கு நடுவே இங்கே வந்து, செல்போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிற மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே (அது பெரிய மரியாதை, நான் கவனித்தேன்), வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, மீனவர் கூட்டுறவில் இருந்து வந்திருக்கிற தோழர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்ட பிள்ளைகளே, மைக் செட் தம்பி, டீ அண்ணன், யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. பழக்கதோஷம், போர்த்திய உடனே முனையைத் திருப்பி எங்கே நெய்தது என்று பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில் ஊர் பெயர் இல்லை, விலை மட்டும் இருந்தது. விலையைச் சொல்லமாட்டேன்.

"உள்ளூர்ப் பொருளா, உலக வணிகமா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் என் மனைவி சிரித்துவிட்டாள். ஏனென்றால் முப்பத்தாறு வருடம் நான் சாப்பிட்டது உலக வணிகத்தின் சோறு. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க மூட்டைக்கு ஒரு கோடு போடவேண்டும். நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே படுக்கும். கனவில்கூடக் கோடு போட்டிருக்கிறேன். 1983ல் கண்டெய்னர் முனையம் வந்தது. அப்புறம் மூட்டை என்பதே கண்ணில் படுவது குறைந்தது. பெட்டிக்கு ஒரு நம்பர், உள்ளே என்ன என்பதைக் காகிதம்தான் சொல்லும். ஆகவே, கப்பலைத் திட்டுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். முதலாவது துணி. இரண்டாவது எண்ணெய். மூன்றாவது பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட கடைத்தெரு. நடுவில் ஒரு பழமொழி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது. என் அப்பா தினமும் சொன்ன பழமொழி இது, பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

துணியில் தொடங்குகிறேன். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த வடசென்னையே துணிக்காக உண்டான ஊர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே முக்கியச் சரக்கு துணிதான். நெய்த துணியை வெளுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், அவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றித் தன் பெயரையே ஊருக்கு வைத்தார். காலெட்பேட்டை. நம் வாய் சும்மா இருக்குமா? அதைக் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டது. இன்றைக்கு மெட்ரோவில் அந்தப் பெயரை அறிவிக்கும்போதெல்லாம் எனக்குத் தறிச் சத்தம்தான் கேட்கும்.

அந்தத் தறிகளை இங்கே வரவழைத்தது வெளிநாட்டுக் கப்பல். பிறகு இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணியைக் கொண்டுவந்து குவித்து அதே தறிகளை நிறுத்தியதும் வெளிநாட்டுக் கப்பல்தான். பெரம்பூரில் 1876ல் பக்கிங்காம் மில் வந்தது, பின்னாலேயே கர்நாடிக் மில், இரண்டும் சேர்ந்து நாம் சொல்கிற பி அண்ட் சி. அங்கே வேலைபார்த்தவர்களை வைத்துத்தான் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1996ல் மில்லும் மூடிவிட்டது. இதைப்பற்றிப் பேராசிரியரே விரிவாகச் சொன்னார், நான் தொடவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு சட்டைக் கதை. 1974. என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை கப்பலில் வேலை. நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கினார். எனக்கு ஒரு சட்டை. அட்டைப் பெட்டி, பெட்டிக்குள் வெள்ளைக் காகிதம், காகிதத்துக்குள் சட்டை, சட்டையில் ஏழெட்டுக் குண்டூசி. டாலர் விலைச் சீட்டை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருந்தார். வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்கிறோம். பிரித்தால், நீலமும் சிவப்புமாகக் கட்டம் போட்ட துணி. அவர் காலரைத் தடவிக்கொண்டே, "மச்சான், அங்க பெரிய இடத்துப் பசங்கதான் இதப் போடுவாங்க. இதுக்குப் பேரே மெட்ராஸ்" என்றார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. மருமகன் முன்னால் பேசமாட்டாள். "நல்லா இருக்கு மாப்ள, கலர் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். கொடியைக் காட்டுகிறாள். கொடியில் எம்.சி. ரோட்டில் வாங்கிய அப்பாவின் பழவேற்காட்டு லுங்கி காய்கிறது. அதே நீலம், அதே சிவப்பு, அதே கட்டம். "டேய், உங்க அப்பா லுங்கிய வெட்டி அங்க சட்ட தெச்சிட்டானுங்கடா!"

கதை முடியவில்லை. தங்கை மனம் கோணக்கூடாது என்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருநாள் வேலைக்குப் போனேன். வார்ஃபில் எல்லோரும், "இன்னாபா, லுங்கி பத்தலியா, மேலயும் சுத்திக்கினியா?" என்று கேட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்தநாள் அம்மா அதை ஊறவைத்தாள், கூடவே அப்பாவின் எட்டு முழ வெள்ளை வேட்டியையும். வாளியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நாவல்பழச் சாறு. வேட்டி வெளிர்நீலம். வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போக வேறு வேட்டி இல்லை. அப்பா வேட்டியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

பிற்பாடுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நம் பக்கத்துத் துணியில் சாயம் நிற்காது என்று தெரியாமல் அமெரிக்காக்காரன் வாங்கிவிட்டான். துவைத்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். என்ன செய்தான் தெரியுமா? "சாயம் போகும், அதற்கு உத்தரவாதம்" என்று விளம்பரமே கொடுத்தான்! ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு புது நிறம், அதுதான் இதன் அழகு என்றான். சனம் வரிசையில் நின்று வாங்கியது. நாம் குறை என்று தலைகுனிந்து விற்றதை அவன் பெருமை என்று நிமிர்ந்து விற்றான். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவில், இதே கட்டத் துணி கல்யாணத்துக்கும் சாவுக்கும் கட்டுகிற மரியாதைத் துணி. நமக்கு? வீட்டில் கிடக்கும்போது கட்டுவது. உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது.

கைதட்டியதற்கு நன்றி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், எண்ணெய்க்கு வருகிறேன்.

நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் கப்பலில் வருகிறது. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயில் இந்தோனேசியா, மலேசியாப் பக்கத்துச் சரக்கு. அதை நான் குறைசொல்லமாட்டேன், அந்தப் பாக்கெட் இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பல வீட்டில் தாளிப்பு இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா, எங்கள் எண்ணெய் எங்களுக்கே வேண்டும் என்று ஏற்றுமதியை நிறுத்தியது. அந்தத் தடை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை, அதற்குள் இங்கே பஜ்ஜி கடையில் வாழைக்காய் காகிதம்போல் மெலிந்துவிட்டது. அதே வருடம் உக்ரைனில் சண்டை, சூரியகாந்தி எண்ணெய் ஏறியது. அதற்கு முந்தின வருடம் மார்ச்சில் 400 மீட்டர் நீளக் கப்பல் ஒன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியை அடைத்தது. எண்ணூர் விரைவு சாலையில் டிரைலர் வரிசை துறைமுகத்து ஜீரோ கேட்டிலிருந்து நீண்டால் நமக்கு எப்படி மூச்சு முட்டுமோ, அப்படி உலகத்துக்கே முட்டியது. நாம் அனுப்புகிற பக்கமும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டதும் திருப்பூர் பனியனும் இறாலும் என்ன பாடுபட்டன என்று மீனவர் கூட்டுறவுத் தோழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் உள்ளூர்ப் பொருளையே வாங்குவோம் என்கிறீர்கள். நானும் சொல்கிறேன். எங்கே போய் வாங்குவது?

எங்கள் தெரு முனையில் ஓர் ஆயா கீரை விற்கிறது. சாக்கடை மூடியிருக்கிற சிமெண்ட் பலகைதான் கடை. ஈரச் சாக்கு, அதன்மேல் அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை, மேலே தெளிக்க மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில். இந்தக் கூட்டத்துக்குத் தயார்செய்கிற நினைப்பில் கேட்டேன்.

"ஆயா, இது எந்த ஊர்க் கீரை?"

"மீஞ்சூராண்ட நைனா."

"அங்கிருந்து நேரா வருதா?"

"நேரா எங்க வருது? கோயம்பேடு போயிட்டு வருது."

ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேர் சேர்ந்து குட்டியானை வண்டி பிடித்துக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். மீஞ்சூர்க் கீரையும் அதே நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்கிறது. அங்கே கைமாறி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வந்து, நம் தெருவில் உட்காரும்போது இலை ஓரம் கறுத்துவிடுகிறது. வண்டி வாடகையும் கட்டுக்குமேல் ஏறிவிடுகிறது. பக்கத்தில் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை இருந்தவரை இந்த அவதி இல்லை. 1996ல் அது கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் தீரப் போனது, சரிதான். ஆனால் வடசென்னைக்குப் பதிலாக என்ன வந்தது?

இங்கேதான் மாமன்ற உறுப்பினர் அம்மா என்னை மன்னிக்கவேண்டும். அந்த ஆயா உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு சந்தைக் கட்டிடம் இருக்கிறது. கட்டி முடித்து, வெள்ளையடித்து, பூட்டு போட்டாயிற்று. முப்பது கடை போடலாம். மேடை இருக்கிறது, மின்விசிறிக் கொக்கி இருக்கிறது, விசிறி இல்லை. பூட்டு துருப்பிடித்து, சாவி இருந்தாலும் இனி திறக்காது. இந்த வருடம் உள்ளே ஒரு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. அது மட்டும் கதவுக்கடியில் தாராளமாகப் போய்வருகிறது. நாலு முறை மனு கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில் மின் இணைப்பு வரவேண்டும் என்றார்கள், இன்னொன்றில் குத்தகை முடிவாகவேண்டும் என்றார்கள். யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. கதவு திறந்தால் போதும்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயி விடிகாலையில் நேராக அங்கே கொண்டுவந்து இறக்கட்டும். காசிமேட்டு அக்காக்கள் கருவாட்டுக் கூடையை வெயிலில் வைக்காமல் மேடையில் வைக்கட்டும். பழவேற்காட்டு லுங்கிக்கு ஒரு கடை, அதை மட்டும் நானே வாடகை கொடுத்து எடுக்கிறேன் என்று போன கூட்டத்திலேயே சொன்னேன், என் மனைவி இன்னும் அதற்குச் சம்மதிக்கவில்லை. உள்ளூர் மாடு விலை போகவில்லை என்று சொல்கிறோமே, அதைக் கட்டிவைத்து விற்க உள்ளூரில் ஒரு சந்தை வைத்தோமா?

மூன்றாவது பர்மா பஜார். தலைவர் மணியடித்துவிட்டார். வியாசர்பாடியில் சாப்பிடுகிற அத்தோவை, அந்த பர்மா நூடுல்ஸை, உள்ளூர்ப் பொருள் என்பதா, வெளிநாட்டுச் சரக்கு என்பதா என்று பெரிய கேள்வி வைத்திருந்தேன். டீ குடிக்கும்போது கேளுங்கள், சொல்கிறேன்.

ஐந்தாவது மனு வாசலோரத்து மேஜையில் இருக்கிறது. உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுகிறேன் என்று தலையசைத்திருக்கிறார்கள், நன்றி அம்மா. நூல் கட்டி இரண்டு பேனா வைத்திருக்கிறேன். நீலம் எழுதாது, கறுப்பை எடுங்கள்.