கயிற்றைக் கொளுத்தியவனுக்கு வேலை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: "இன்டர்வியூவில் கேட்கும் ஒரு புதிருக்கு விடை தெரியாதவன் புரோகிராமில் இருக்கும் பிழையை எங்கே கண்டுபிடிக்கப் போகிறான்? அவனுக்கு எதற்கு சாஃப்ட்வேர் வேலை?" கைதட்டினீர்கள். சரி, இதையும் கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். படிக்கும்போதே தன் ஊர் பால் சொசைட்டிக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவன். கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று போட்டால் லிட்டருக்கு விலை வந்துவிடும். முதல் வாரமே எல்லோருக்கும் பட்டுவாடா குறைந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடினான். கொழுப்பு 4.7 என்று போட்டால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விழுங்கிவிட்டு 4 என்றே கணக்குப் போட்டிருக்கிறது புரோகிராம்! விடிவதற்குள் திருத்திவிட்டான்.

அவனிடம் கேம்பஸ் இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள்? "இரண்டு கயிறு. ஒவ்வொன்றும் எரிந்து தீர ஒரு மணி நேரம். ஆனால் சீராக எரியாது. இதை வைத்து 45 நிமிடத்தை அளந்து காட்டு." தம்பி திகைத்துவிட்டான்.

அடுத்துப் போனவனுக்கு இந்தப் புதிர் முதல் நாளே மனப்பாடம். உடனே சொன்னானா? சொல்லவில்லை ஐயா! நெற்றியைத் தேய்த்தான். விட்டத்தைப் பார்த்தான். பேனா மூடியைக் கடித்தான். "சார், ஒரு கயிற்றை ரெண்டு முனையிலும் கொளுத்தி, மற்றதை ஒரு முனையில் மட்டும்..." என்று இழுத்தான். மறுபடியும் விட்டம். "முதல் கயிறு அரை மணியில் தீர்ந்ததும், இதன் மறுமுனையையும் கொளுத்தினால் இன்னொரு கால் மணி சார்!" கேட்டவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நடிப்புக்குக் கிடைத்தது வேலை!

தலைவரே, பிழையைக் கண்டுபிடித்தவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். அனுப்பியது உங்கள் புதிர்.

பள்ளிப் பேருந்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்று கேட்டுப் பேர் வாங்கிய கூகுளிலேயே, மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் ஒப்புக்கொண்டார்: இந்தப் புதிர்கள் வெறும் நேர விரயம், கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்று.

இன்டர்வியூ முடிந்த அன்று ராத்திரி, அந்தத் தம்பியின் அப்பா போனில் கேட்டார்: "என்னப்பா கேட்டாங்க?"

"கயிறு எரியறதைப் பத்திக் கேட்டாங்கப்பா."

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைத்தவர் அவர். "சொசைட்டிக்கு நீ எழுதிக் குடுத்தியே, அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையா?" என்றார்.

அந்தத் தகப்பனுக்கு எதிரணி பதில் சொல்லட்டும். வணக்கம்.