காடர் ஊருக்குப் போகுமுன்

(கேரளத்தின் வாழச்சால் காட்டுக்குப் புறப்படும் பொள்ளாச்சிக் கல்லூரி மாணவர்களிடையே பேசியது)

ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அடுத்த வாரம் வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை வழியாக இறங்கப் போகிறீர்கள். அதிரப்பள்ளி அருவியில் எங்கே நின்று படம் எடுப்பது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அருவிக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றோரம் இருக்கிற காடர் என்ற பழங்குடி மக்களின் ஊரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம் தென்னைக்குப் பாய்கிறதே பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர், அதில் பெரிய அணை பரம்பிக்குளம். அந்தப் பக்கத்துக் காடு காடர்கள் வாழ்ந்த காடு. அணை வந்தது, குடும்பங்கள் கிளம்பின. பெரிங்கல்குத்துக்குப் போய், அங்கிருந்தும் நகர்ந்து வாழச்சாலுக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. பிறகு அங்கேயும் ஓர் அணை கட்டி 163 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தது. இந்த முறை அவர்கள் நகரவில்லை, எதிர்த்து நின்றார்கள். 2014-இல் வன உரிமைச் சட்டப்படி ஒன்பது காடர் ஊர்களுக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. உங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர் அந்த உரிமைக்காரர்களில் ஒருவர். "அண்ணே, புலி வருமா?" என்று கேட்பதற்கு முன் இது நினைவில் இருக்கட்டும்.

நீங்கள் போவது நல்ல பருவம், பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை கூடு கட்டியிருக்கும். கூடு என்றா சொன்னேன்? அது தானாக எதையும் கட்டாது. வயதான பெரிய மரத்தில் இயற்கையாக விழுந்த பொந்துதான் அதற்கு வீடு. பெட்டை உள்ளே போய், எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே இருக்கும்போது இறகும் உதிர்ந்துவிடும், அதனால் பறக்க முடியாது. ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அந்தக் கீறலுக்குள் நீட்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான்.

உங்கள் கண் மேலேயே இருக்கும். காடர் குனிந்து மரத்தடியைப் பார்ப்பார். பொந்துக்கு நேர் கீழே புது எச்சமும் விதைகளும் கிடந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது. எந்த விதை, எவ்வளவு ஈரம் என்பதை வைத்து மற்றதையும் சொல்வார். ஆண் வரும்போது சிறகுச் சத்தம் தூரத்து ரயில் மாதிரி கேட்கும். அசையாமல் நில்லுங்கள். ஆட்கள் நின்றால் அது கிட்ட வரத் தயங்கும், உள்ளே பசி.

இந்த அறிவு எப்படி வந்தது தெரியுமா? ஒரு காலத்தில் அவர்கள் இந்தக் குஞ்சுகளை எடுத்துச் சாப்பிட்டவர்கள். எந்த மரத்தில் பொந்து என்று அவர்களுக்குத்தான் அத்துப்படி. பிற்பாடு வனத்துறையும் ஆய்வாளர்களும் சேர்ந்து அதே ஆட்களைக் கூட்டுக்குக் காவலாக்கினார்கள். நான் கேள்விப்பட்ட காட்டுப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் இதுபோல் புத்திசாலித்தனமானது வேறில்லை என்பேன்.

அட்டை கடிக்கும். உப்போ புகையிலையோ எடுத்துப் போங்கள், அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தேன் விற்றால் பேரம் பேசாதீர்கள். மலைத்தேனுக்காக உயர்ந்த மரத்தில் ராத்திரி ஏறுகிறவரிடம் பத்து ரூபாய் குறைப்பது நமக்கு அழகில்லை.

கடைசியாக, பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த மாதிரிப் பயணங்களின் செலவுக் கணக்கு சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பஸ் வாடகை இருக்கும், டி-ஷர்ட் இருக்கும், பேனர்கூட இருக்கும். காட்டுக்குள் நாள் முழுக்கப் பாடம் சொன்னவருக்கு "இதர செலவு" என்ற வரியில் ஏதோ சில்லறை. வெளியிலிருந்து வரும் சிறப்பு விரிவுரையாளருக்கு உங்கள் கல்லூரி என்ன தருகிறதோ, அதையே அவருக்கும் தனி வரியில் எழுதுங்கள். துறைத்தலைவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.