காவிரி மணல் பாறையாகும் வழி

(காட்சி: முசிறி அருகே காவிரிப் படுகை. உள்ளங்கையில் ஒரு பிடி மணல், மிக நெருக்கத்தில்.)

இந்த ஒரு பிடி மணலில் எல்லா மணிகளும் ஒரே வகையல்ல. கண்ணாடிச் சில்லுபோல் ஒளியை ஊடுருவ விடுபவை குவார்ட்ஸ். பால்வெள்ளையாகவோ வெளிர்சிவப்பாகவோ மங்கித் தெரிபவை ஃபெல்ட்ஸ்பார். இடையிடையே கிடக்கும் கரிய சிறுமணிகள் இரும்பு கலந்த கனமான கனிமங்கள். இவை எல்லாம் முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் கிழக்கிலுள்ள மேட்டு நிலத்திலும் நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும்பாறைகளுக்குள் ஒன்றோடொன்று இறுகக் கிடந்தவை.

அப்பிணைப்பை அவிழ்ப்பது முதன்மையாக மழைநீர்தான். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறும் அந்நீர், பாறையின் விரிசல்களில் இறங்கி, ஃபெல்ட்ஸ்பாரைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக மாற்றுகிறது. குவார்ட்ஸ் அதற்கு எளிதில் மசிவதில்லை. தன்னைச் சுற்றியிருந்தவை நொய்ந்து போனதும் அது மணி மணியாக உதிர்கிறது. ஆற்று மணலில் குவார்ட்ஸ் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வாறு மணலும் களிமண்ணும் உருவாகும்போது மூன்றாவதாக ஒன்றும் பிரிகிறது: கால்சியம், சோடியம், சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிகா முதலியவை நீரிலேயே கரைந்து போய்விடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுமையைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பாறை மீண்டும் உருவாகும் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது என்பேன்.

(காட்சி: வெள்ளக் காலத்து ஆறு, பின்னர் ஆற்றடியின் வரைபடம்.)

கூழாங்கற்கள் ஆற்றின் அடியில் உருள்கின்றன, மணல் தாவித் தாவி நகர்கிறது, நுண்ணிய வண்டலும் களிமண்ணும் நீரில் மிதந்தபடியே செல்கின்றன. வேகம் தணியுமிடத்தில் கனமானவை முதலில் தங்க, களிமண் கடைசி வரை பயணம் செய்கிறது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு இந்த ஒழுங்கு மாறிவிட்டது. நீர்த்தேக்கத்தில் ஆற்றின் வேகம் ஏறக்குறைய நின்றுவிடுவதால், மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. கரைந்திருக்கும் பொருள்களோ மதகு வழியாகத் தண்ணீரோடு தாராளமாகக் கடந்து செல்கின்றன.

(காட்சி: அரியலூர் மாவட்டம், கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெட்டுமுகம்.)

படிந்த வண்டல் எப்படிப் பாறையாகிறது என்பதைக் காண அரியலூர், பெரம்பலூர் பகுதிகளைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. கிரெட்டேசியஸ் என்ற நிலவியல் காலத்தில், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல் பலமுறை முன்னேறியும் பின்வாங்கியும் இந்நிலத்தை மூடியிருந்தது. இன்றைய காவிரி அப்போதும் இருந்தது என்று கொள்ள வேண்டாம். ஆயினும் மேற்கேயிருந்த அதே தொல்பாறை நிலத்தை அரித்த பழைய ஆறுகள் அக்கடலில் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டின.

ஆழம் கூடக் கூட, மேலே சேரும் அடுக்குகளின் எடையால் சேற்றிலிருந்த நீர் பிழியப்பட்டு, தகடு போன்ற களிமண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து இறுகுகின்றன. மணலுக்கு அழுத்தம் மட்டும் போதாது. உருண்டையான மணிகளுக்கிடையே இடைவெளி எஞ்சவே செய்யும். அவ்விடைவெளிகளில் ஊறிச் செல்லும் நீரிலிருந்து சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டோ சிலிகாவோ இரும்பு ஆக்சைடோ வெளிப்பட்டு, மணிகளை ஒட்டவைக்கும்போதுதான் அது மணற்கல்லாகிறது. மலையில் கரைந்துபோன பொருள்கள் இங்கே பசையாகத் திரும்பி வருகின்றன.

கல்லங்குறிச்சியில் அவை வேறொரு வழியில் திரும்பி வந்துள்ளன. இவ்வெட்டுமுகத்தில் நெருக்கமாக அடுக்கியிருப்பவை சிப்பி ஓடுகள். ஆறுகள் கடலில் சேர்த்த கால்சியத்தை எடுத்துச் சிப்பிகள் ஓடு கட்டிக்கொண்டன. அவை இறந்து குவிந்த குவியலே சுண்ணாம்புக்கல் ஆயிற்று. இப்பகுதியில் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்பதற்கும் இந்தச் சுண்ணாம்புக்கல்லே காரணம்.

(காட்சி: பெரம்பலூர் மாவட்டம், சாத்தனூர் கல்மரம்.)

சிலிகாவின் கைவேலையைச் சாத்தனூரில் காணலாம். ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள இந்த மரம், நீரில் அடித்துவரப்பட்டு ஆழமற்ற கடலின் வண்டலுக்குள் புதைந்தது. மரம் மட்கி முடிவதற்குள் நீரிலிருந்த சிலிகா அதன் திசுக்களுக்குள் புகுந்து, மரப்பொருளின் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. அடிமரத்தைத் தொட்டால் கல்லின் குளிர்ச்சி. பார்த்தால் மரத்தின் வரிகள்.

(காட்சி: டெல்டாவின் குறுக்குவெட்டு, மேலிருந்து கீழே இறங்கும் துளை.)

டெல்டாவுக்கு அடியில் இந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில், நரிமணம் போன்ற எண்ணெய் வயல்களில் துளையிடும்போது, துளைக்கருவி முதலில் கைக்கு உதிரும் மணலையும் ஈரக் களிமண்ணையும் கடந்து, ஆழம் செல்லச் செல்ல இறுகிய மணற்கல்லையும் களிப்பாறையையும் சந்திக்கிறது. அங்கே வெப்பநிலையும் கூடிக்கொண்டே போகும். சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்களின் எச்சங்கள் அந்த வெப்பத்தில் எண்ணெயாக மாறி, மணற்கல்லில் பசை அடைக்காமல் விட்டுவைத்த நுண்துளைகளில் வந்து தங்கியிருக்கின்றன.