கிணற்று நீச்சலும் மூச்சுக் கணக்கும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். டிரையத்லான் என்ற போட்டி 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக இடம்பிடித்தது. நீந்த வேண்டும், கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் கடிகாரம் நிற்காது. ஷூ மாட்டுகிற நேரமும் கணக்கில் சேரும். ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் சரிபாதிக்கு ஸ்ப்ரிண்ட் என்று பெயர். வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பயிற்சி செய்கிறவர்கள் அந்தப் பாதியில் தொடங்கினால் போதும்.

அப்படிப்பட்டவர்களோடுதான் எனக்குப் பல வருடப் பழக்கம். வேலூரைச் சுற்றி காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆர்வமாக வருகிறவர்களில் நிறையப் பேர் மூன்றாவது மாதம் காணாமல் போகிறார்கள். உடம்பு தாங்காமல் போகிறவர்கள் குறைவு. முன்னேற்றம் நின்றுவிட்டது என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். பயிற்சி ஏறும், இறங்கும், சில வாரம் அசையாமல் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நீச்சல். நம் பக்கம் பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தோம். அதெல்லாம் எப்போதோ ஒரு தடவை. அதனால் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நீச்சல் பள்ளிக்கூடம் என்றால் விவசாயக் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கை, அதில் தாம்புக்கயிறு, கயிற்றின் மறுமுனை மாமா கையில். நேயர்களில் பலர் அப்படித்தான் கற்றிருப்பீர்கள்.

கணியம்பாடி பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மளிகைக்கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். கிணற்றில் விழுந்த குடத்தை முங்கி எடுத்துத் தருவதற்கு ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். அப்படிப்பட்டவர் 25 மீட்டர் குளத்தில் இரண்டு தடவை போய்வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், தண்ணின்னா எனக்குப் பயமே இல்ல. அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. கிணற்றில் நீந்துகிறவர் தலையைத் தூக்கியே நீந்துவார், இல்லை என்றால் மூச்சைப் பிடித்து முங்குவார். தலை தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் தண்ணீர் நம்மைப் பின்னால் இழுக்கும். முகத்தைத் தண்ணீரில் வைத்தாலோ, பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சு முட்டுகிறது என்று தோன்றுவது பெரும்பாலும் காற்று போதாமல் இல்லை. உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறாமல்தான். ஆகவே முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீருக்குள் விட வேண்டும், வெளியே தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டும் செய்ய வேண்டும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மூக்கு வழியாகக் குமிழி விடுவதையே வாரக்கணக்கில் செய்தார் அவர். பக்கத்தில் நீந்துகிற பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். தூரம் ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை. வீட்டில் "இதுக்கா காலங்காத்தால போற?" என்று கேட்டார்களாம். பிறகு ஒரு நாள் காலையில், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். சுவரைத் தொட்டுத் திரும்புகிறார், தொட்டுத் திரும்புகிறார். கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசையாமல் கிடந்த அந்த வாரங்களில்தான் மூச்சு பழகியிருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிணற்றிலோ ஏரியிலோ தனியாகப் பயிற்சி வேண்டவே வேண்டாம். எவ்வளவு தெரிந்தவரானாலும் கரையில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அடுத்து சைக்கிள். கணியம்பாடி வழியாக அமிர்தி போகிற சாலை நமக்குக் கிடைத்த வரம். விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். அதன் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். அது ஒருவருடைய உழைப்பும்கூட, இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கால் நன்றாகத் தேறியவர்களுக்கு ஏலகிரி இருக்கிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. மூச்சிரைக்க ஏறும்போது அடுத்த பெயர் வரைக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டு மிதிக்கலாம்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கினால் கால் மரக்கட்டையாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். இவ்வளவு நேரம் வட்டமாகச் சுழன்ற கால் திடீரென்று உடம்பின் எடையைத் தாங்கித் தரையை உதைக்க வேண்டியிருக்கிறது. நீளமாகச் சைக்கிள் ஓட்டும் நாளில் வீட்டுக்குள் போவதற்கு முன் பத்து நிமிடம் ஓடிவிடுங்கள், மெதுவாக. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். ஓட்டத்தில்தான் காயம் அதிகம். நெஞ்சும் தசையும் சீக்கிரம் பலப்படும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் தேறும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி பிடித்துக்கொள்ளும்.

இனி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வேகம் குறைந்தால் பயிற்சி வீணாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டியிருக்கிறது, காலுக்குப் போவது குறைகிறது. இரண்டு வாரம் அளவாகப் பயிற்சி செய்தால் வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் போகிற உப்பும் குறையும். மணிக்கணக்காக வியர்த்த பிறகு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், இவை போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. சரி, இதை மட்டும் செய்யுங்கள். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், மணிக்கட்டில் நாடி பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட அது ஏறியே இருந்தால், முந்தின இரவு தூக்கம் கெட்டிருந்தால், அன்றைக்கு ஓடாதீர்கள், தூங்குங்கள். காய்ச்சல் இருந்தால் சைக்கிளும் வேண்டாம், நீச்சலும் வேண்டாம். விட்டுப்போன ஒரு வாரம் உங்களைத் தொடங்கிய இடத்துக்குத் தள்ளிவிடாது. நன்றி, வணக்கம்.