கோர்லாய்க்குக் கடல் வழியாக

(மும்பை மாட்டுங்காவில் தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியது)

வணக்கம். அலிபாகுக்குக் காரில் போய்வராதவர்கள் இந்த அரங்கில் குறைவு. அதற்கும் தெற்கே, குண்டலிகா ஆறு கடலில் சேரும் இடத்தில் கோர்லாய் இருக்கிறது. ரோட்டில் போனால் கோட்டையைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். ஊர்க்காரர்களோடு பேச வேலையே வராது. பாய்ப்படகில் போனால் பேசாமல் தப்ப முடியாது. நாங்கள் மூன்று பேர் ஒரு ஜனவரியில் அப்படித்தான் போனோம்.

மும்பை கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையிலிருந்து சுமார் 25 கடல் மைல். ஜனவரியில் விடிகாலை கரைக்காற்று, அப்புறம் வடமேற்குக் கடல்காற்று. இரண்டுமே தெற்கே போகிறவனுக்குத் தோது. திரும்பும்போதுதான் தெரியும் சேதி! கந்தேரி தீவுக்கோட்டையைத் தாண்டினால் கவனமெல்லாம் வலைகள் மேல்தான். கோலி மீனவர்கள் டோல் வலையைக் கடலுக்குள் நிலையாகக் கட்டி வைப்பார்கள். மேலே தெரிவது மிதவை மட்டும்.

மதியம் ஒரு மணிக்கு நங்கூரம் போட்டோம். முந்தின நாள் பௌர்ணமி. அந்த நாட்களில் இந்தக் கரையில் கடல் மூன்று நாலு மீட்டர் இறங்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்து என்ன? ஆறு மணிக்குப் படகின் அடிக்கட்டை சேற்றில் உட்கார்ந்தது. படகு மெல்லச் சாய, டீ கிளாஸ் மேசை மேல் தானாக நகர்ந்து போய் விழுந்தது.

ஒரு பெரியவர் சின்னப் படகில் வந்தார். யார், எந்த ஊர் என்றுதான் முதல் கேள்வி. 2008இல் கடல் வழியாக வந்தவர்கள் மும்பையைத் தாக்கிய பிறகு தெரியாத படகை இந்தக் கரையில் யாரும் சும்மா விடுவதில்லை, நியாயம்தான். விவரம் தெரிந்ததும், "பாணீ யேயீல்" என்றார். தண்ணீர் வரும், படகு தானாக எழுந்துகொள்ளும் என்று அர்த்தம். ஒருவனைக் காவலுக்கு விட்டுவிட்டு மற்ற இருவரும் அவரோடு கரையேறினோம்.

அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பாட்டிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். மராத்தி இல்லை, கொங்கணியும் இல்லை. போர்ச்சுகீசியர் 1740இல் இந்தக் கோட்டையை விட்டுப் போனார்கள். அவர்கள் மொழியிலிருந்து பிறந்த பேச்சு மட்டும் போகவில்லை. 'நோ லிங்' என்கிறார்கள், 'எங்கள் பேச்சு' என்று பொருள். இன்று பேசுகிறவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். நம் ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அந்தப் போர்ச்சுகீசியக் கப்பலில் வந்திறங்கியவைதானே! நான் ஜன்னலைக் காட்டி 'ஜன்னல்' என்றேன். பாட்டி சிரித்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சாவி, அலமாரி என்று அப்படியே பேச்சு நீண்டு, வறுத்த பொம்பில் மீனும் வந்து, கரைக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. படகு எப்போதோ மிதந்து, காவலுக்கு இருந்தவன் அதை ஆழத்துக்கு நகர்த்தியிருந்தான். பெரியவர்தான் மறுபடி துடுப்புப் போட்டு எங்களைக் கொண்டுபோய் விட்டார். நண்பன் கேட்ட முதல் வார்த்தை: "எனக்கு மீன் எங்கே?"